எடை ஏறாத குறைமாதக் குழந்தைக்கு மசாஜ்: வேலூர்ப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

குறைமாதக் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எடை எவ்வளவு ஏறியிருக்கு?" பதில் சொல்லத் தயங்கி நிற்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்தில் எங்கே இருந்தாலும் இந்த வழிமுறை பொருந்தும்.

எங்கள் மகன் 32 வாரத்தில் பிறந்தான். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒன்றரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டியிருந்தான். மசாஜ் பற்றி வார்டில் ஒருவரும் பேச்செடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எண்ணெய் தேய்த்துச் சுடுதண்ணீர் ஊற்று என்றார் ஒருவர், தொடவே தொடாதே என்றார் இன்னொருவர். விசாரித்து, படித்து, கடைசியில் ஒரு ஃபிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் தெளிவு வந்தது.

மசாஜால் என்ன கிடைக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மயாமி பல்கலைக்கழகத்தில் டிஃபனி ஃபீல்டு குழுவினர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம், 10 நாள் மசாஜ் செய்யப்பட்ட குறைமாதக் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட நாளொன்றுக்கு 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறினார்கள். 6 நாள் முன்னதாகவே வீட்டுக்கும் போனார்கள். இத்தனைக்கும் அவர்கள் குடித்த பாலின் அளவு கூடவில்லை. தோலில் விழும் அழுத்தம், மூளையிலிருந்து வயிறு வரை போகும் வேகஸ் நரம்பைத் தூண்டி இரைப்பையின் அசைவைக் கூட்டுகிறது, குடித்த பால் உடம்பில் ஒட்டுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். பிற்பாடு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வில் சராசரியாக நாளுக்கு 5 கிராம் கூடுதல் என்று வந்தது. அந்த ஆய்வுகளில் பலவற்றின் தரம் போதாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆகவே பெரிய அதிசயத்தை எதிர்பார்க்காதீர்கள். வயிறு நிறையப் பாலும், உடம்பில் சூடும், நோய்த்தொற்று இல்லாத நிலையும் இருந்தால் அதற்கு மேல் மசாஜ் உதவும். இவை இல்லாமல் மசாஜை மட்டும் நம்பினால் எடை ஏறாது.

1. டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்

வீட்டுக்கு வந்த பிறகு கேட்கலாம் என்று விடாதீர்கள். டிஸ்சார்ஜ் நாளில் பில், மருந்து, வண்டி என்று எல்லாரும் பரபரப்பாக இருப்பார்கள், உங்கள் கேள்விக்கு நிதானமாகப் பதில் கிடைக்காது. இரண்டு நாள் முன்னதாக ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "என் குழந்தைக்கு மசாஜ் செய்யலாமா? எந்த எடையிலிருந்து? எண்ணெய் தடவலாமா?"

கீழே உள்ளதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் டாக்டர் சொல்லும் வரை மசாஜ் வேண்டாம்:

ஆக்சிஜனோ மூச்சுக் கருவியோ இன்னும் தேவைப்படுகிறது. மூச்சு நின்று நின்று வருகிறது. நோய்த்தொற்றுக்கு ஊசி போய்க்கொண்டிருக்கிறது. வயிறு உப்பிப் பாலை நிறுத்தியிருக்கிறார்கள். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் வைத்திருக்கிறார்கள். தோல் இன்னும் கண்ணாடி மாதிரி மெல்லிசாக இருக்கிறது. எலும்பு முறிவு, மூளையில் இரத்தக் கசிவு போன்றவை இருந்திருக்கின்றன.

வார்டில் சரி என்று சொன்னால் அதோடு விடாமல், டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். "மசாஜ் செய்யலாம், இத்தனை எடைக்கு மேல், இந்த எண்ணெய்" என்று டாக்டர் கையெழுத்தோடு இருந்தால் வீட்டில் பாதி வாக்குவாதம் குறையும். "செய்யக் கூடாது" என்று சொன்னாலும் அதையும் எழுதி வாங்குங்கள். அதற்குத்தான் இன்னும் அதிக அவசியம்.

2. காகிதங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பின்னால் ஒவ்வொரு செக்கப்புக்கும் இவைதான் கேட்கப்படும்.

டிஸ்சார்ஜ் சம்மரி. கையில் வாங்கியதும் அங்கேயே நின்று சரிபாருங்கள். எத்தனை வாரத்தில் பிறந்தது, பிறந்த எடை, டிஸ்சார்ஜ் எடை, தலைச் சுற்றளவு, எத்தனை நாள் ஆக்சிஜன், என்ன மருந்து எத்தனை சொட்டு, கண் பரிசோதனைத் தேதி, காது பரிசோதனை ஆனதா இல்லையா, அடுத்து வர வேண்டிய நாள் - இவ்வளவும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருக்கும். புரியாவிட்டால் நர்ஸிடம் தமிழில் சொல்லச் சொல்லி, பக்கத்தில் நீங்களே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் படம் பிடித்து வைத்துவிடுங்கள்.

பிறப்புச் சான்றிதழ். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. இங்கே நம் பக்கத்தில் பலர் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. வீடு பேரணாம்பட்டிலோ அரக்கோணத்திலோ இருக்கும், குழந்தை வேலூரில் பிறந்திருக்கும். பிறந்த இடத்தில்தான் பதிவாகும், சொந்த ஊரில் போய் நிற்பதில் பயனில்லை. கர்ப்பகாலத்தில் தந்த பிக்மி எண்ணைக் கையோடு வைத்திருங்கள், பதிவுக்கு அது வேண்டும். பெயர் இன்னும் வைக்கவில்லையே என்று பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு வருடத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம்.

காப்பீடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றும் தேவை. வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். அட்டைக்கான பதிவு கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் நடக்கும். வேலூர் மாவட்டத்துக்காரர்கள் சத்துவாச்சாரிக்குப் போக வேண்டும். தனியார் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை ஐசியூ என்றால் ஒரு நாளைக்கே பல ஆயிரம் ஆகும். ஆகவே குழந்தை உள்ளே இருக்கும்போதே, முதல் நாளே, அந்த மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் கேட்டுவிடுங்கள். பில் கட்டிய பிறகு அட்டையை நீட்டினால் கதை முடிந்தது. அரசு மருத்துவமனை என்றால் நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை சிகிச்சையும் மருந்தும் இலவசம்.

இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளிலும் தோல் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் தாய்மார்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்குப் பிரசவ விடுப்பு 26 வாரம். குறைமாதப் பிரசவத்தால் உடல்நலக் குறைவு ஏற்பட்டால் டாக்டர் சான்றுடன் மேலும் ஒரு மாதம் கேட்க இடமிருக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு அந்த ஒரு மாதம் பெரிய விஷயம். கம்பெனி ஆபீஸில் தானாக வந்து சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

3. வார்டிலேயே கையால் செய்து கற்றுக்கொள்ளுங்கள்

வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம். அதில் வருவது பெரும்பாலும் நிறைமாதத்தில் பிறந்த, நாலைந்து மாதக் கொழுகொழு குழந்தைகள். நம் குழந்தையின் தொடை நம் கட்டைவிரல் மொத்தம்தான் இருக்கும்.

நர்ஸோ ஃபிசியோதெரபிஸ்டோ ஒரு முறை செய்து காட்டட்டும், அடுத்த முறை நீங்கள் செய்யுங்கள், அவர்கள் பார்க்கட்டும். முக்கியமாக அழுத்தத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பலர் பயந்துபோய் இறகால் தடவுவது போல் தடவுகிறார்கள். அது குழந்தைக்குக் கூச்சமாக இருக்கும், காலை இழுத்துக்கொள்ளும், அழும். மிதமான அழுத்தம் கொடுத்த குழந்தைகள்தான் மெல்லத் தடவப்பட்டவர்களைவிட எடை ஏறினார்கள் என்று டிஃபனி ஃபீல்டு குழுவினரே பின்னால் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். உங்கள் முன்கையின் உள்பக்கத்தில் செய்து பாருங்கள்: விரல் போகிற இடத்தில் தோல் லேசாகக் குழிந்து எழ வேண்டும், வலிக்கக் கூடாது, தோல் இழுபடக் கூடாது.

அப்பாவும் கற்றுக்கொள்ளட்டும். மூன்று வேளையும் தாயே செய்ய வேண்டும் என்றால் பால் பீய்ச்சவும் தூங்கவும் அவளுக்கு நேரமே இருக்காது.

4. கங்காரு அணைப்பு முதலில், மசாஜ் அடுத்து

குழந்தையை வெற்று மார்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் நாள் முழுக்கச் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குறைமாதக் குழந்தைக்கு இதற்கு ஈடு கிடையாது. சூடு நிற்கும், பால் ஊறும், தொற்று குறையும். மசாஜுக்கு மூன்று வேளையும் சேர்த்து முக்கால் மணி நேரம்தான் ஆகும், மிச்ச நேரம் மார்பில் இருக்கட்டும். மசாஜுக்காக அணைப்பைக் குறைக்காதீர்கள்.

5. என்ன வாங்க வேண்டும், என்ன செலவு

செலவு கம்மிதான். ஒரு பாட்டில் எண்ணெய், இரண்டு மூன்று சுத்தமான பழைய வேட்டித் துண்டு, ஒரு தொப்பி, காலுறை. இவ்வளவு போதும்.

எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய். 2005-இல் வெளியான மும்பை ஆய்வு ஒன்றில், மினரல் ஆயில் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்) தடவிய குழந்தைகளைவிடத் தேங்காய் எண்ணெய் தடவிய குழந்தைகள் வேகமாக எடை ஏறினார்கள். சூரியகாந்தி எண்ணெயும் குறைமாதக் குழந்தையின் தோலுக்கு நல்லது என்று காட்டிய ஆய்வு உண்டு. கடுகு எண்ணெய் தோலின் காப்பைக் கெடுக்கும், வேண்டாம். செக்கு எண்ணெய் வாங்குவதென்றால் பாத்திரத்தில் மொண்டு ஊற்றித் தருவதை வாங்காதீர்கள். சீல் போட்ட புது பாட்டில், அதுவும் சமையலுக்கு உகந்தது என்று போட்டிருப்பது. குழந்தைக்கென்று தனியாக வையுங்கள். வீட்டில் தலைக்குத் தேய்க்கும் பாட்டிலில் எல்லாருடைய விரலும் பட்டிருக்கும்.

எண்ணெயில் பூண்டு, மிளகு, ஓமம், எதையும் போட்டுக் காய்ச்ச வேண்டாம். கற்பூரம் கூடவே கூடாது, கைக்குழந்தைக்கு வலிப்பே வந்துவிடும். அதே மாதிரி, பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த பழைய குழந்தைத் துணிகளையும் எடுக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு அந்த வாசனையே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் காமாலையை ஏற்றிவிடும்.

மசாஜ் செய்வதற்கென்று ஆள் வைக்க வேண்டியதில்லை. வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டும் அம்மாக்களின் கை, இன்னொரு வீட்டுக் குழந்தையைத் தொட்டுவிட்டு நேராக நம் குழந்தையிடம் வரும். நாமே செய்தால் காசும் மிச்சம், தொற்று பயமும் இல்லை.

6. எந்த நேரத்தில்

பால் குடித்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்கிறீர்கள் என்றால் இரண்டு வேளைப் பாலுக்கும் நடுவில் வரும். குடித்த கையோடு செய்தால் கக்கும், புரையேறும். நல்ல தூக்கத்தில் இருக்கும்போது எழுப்பிச் செய்யாதீர்கள், பசியில் அழும்போதும் வேண்டாம். கண் திறந்து அமைதியாகப் பார்க்கிற நேரம்தான் சரி. காலை, மதியம், சாயங்காலம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அறை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், 26 முதல் 28 டிகிரி. நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் அறையைச் சூடாக்க வேண்டிய அவசியமே இருக்காது. ஃபேனை அந்தக் கால் மணி நேரம் நிறுத்தினால் போதும். ஆனால் கோடையில் எண்ணெயை மிகக் குறைவாகத் தொட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் வேர்க்குரு வந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் காலை வேளையை எட்டு மணிக்கு வைக்காமல் பத்து, பதினொரு மணிக்குத் தள்ளுங்கள். ஏலகிரி, ஜவ்வாது மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, செய்கிற பாகத்தை மட்டும் திறந்து மற்றதைத் துணியால் மூடியே செய்யுங்கள்.

7. அந்தப் பதினைந்து நிமிடம்

மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றுங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்குங்கள். எண்ணெயை உங்கள் கையில் தடவிக்கொள்ளுங்கள், குழந்தையின் மேல் நேராக ஊற்றாதீர்கள். தொப்பியையும் காலுறையையும் அந்தந்தப் பாகம் வரும்போது மட்டும் கழற்றலாம்.

முதல் 5 நிமிடம், குப்புற. தட்டையான மெத்தையில் குப்புறப் படுக்க வைத்து முகத்தை ஒரு பக்கமாகத் திருப்புங்கள். மூக்கும் வாயும் துணியில் புதையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். விரல்களின் மென்மையான பகுதியால் நீவ வேண்டும். ஒரு நீவலுக்குச் சுமார் 5 விநாடி, ஒரு பாகத்துக்கு 12 நீவல், அதாவது ஒரு நிமிடம். வரிசை இது:

உச்சந்தலையிலிருந்து கழுத்து வரை, திரும்ப மேலே. உச்சியில் துடிக்கும் மெத்தென்ற இடத்தில் அழுத்தக் கூடாது.
கழுத்திலிருந்து தோள்கள் வரை, திரும்ப.
முதுகின் மேலிருந்து இடுப்பு வரை, திரும்ப. தண்டுவடத்தின் மேல் வேண்டாம், அதன் இரு பக்கமும்.
இரண்டு கால்களும், தொடையிலிருந்து பாதம் வரை, திரும்ப.
இரண்டு கைகளும், தோளிலிருந்து விரல் வரை, திரும்ப.

அடுத்த 5 நிமிடம், மல்லாக்க. இப்போது நீவல் இல்லை, மடக்கி நீட்டல். வலது கை, இடது கை, வலது கால், இடது கால், பிறகு இரண்டு கால்களும் சேர்த்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்தில் 6 தடவை. ஒரு தடவை மடக்கி நீட்ட 10 விநாடி. அவ்வளவு மெதுவாகச் செய்ய வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். மூட்டு எவ்வளவு தூரம் தானாகப் போகிறதோ அவ்வளவுதான், இழுக்கவோ முறுக்கவோ கூடாது. குறைமாதக் குழந்தையின் எலும்பு சுண்ணாம்புச் சத்து முழுதாகச் சேராத எலும்பு.

கடைசி 5 நிமிடம், மறுபடி குப்புற, முதலில் செய்த அதே வரிசை.

மார்பும் வயிறும் இதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஐசியூவில் ஒட்டும் டேப்பும் குழாயும் ஊசியும் பார்த்த உடம்பு அது; அங்கே தொட்டால் பல குறைமாதக் குழந்தைகள் சுருங்கிக்கொள்ளும். தொப்புள்கொடி விழாதவரை அதன் பக்கம் எண்ணெயும் போகக் கூடாது. தடுப்பூசி போட்ட தொடையையும், பிசிஜி போட்ட இடது தோளையும் விட்டுவிடுங்கள்.

நடுவில் நிறுத்த வேண்டிய அடையாளங்கள் உண்டு. விக்கல், திரும்பத் திரும்பக் கொட்டாவி, விரல்களை விரித்து நீட்டுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறுவது - இவை "போதும்" என்று குழந்தை சொல்வது. கையை எடுக்காமல் ஒரே இடத்தில் அமைதியாக வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். அடங்கினால் தொடரலாம், இல்லையென்றால் அன்றைய வேளை அவ்வளவுதான். முதல் சில நாள் ஐந்து நிமிடம் தாங்கினாலே நல்லது. உதடு நீலமானால், மூச்சில் மாற்றம் தெரிந்தால் மசாஜை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

முடிந்ததும் தொப்பி போட்டு நேராக மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்கத்தான். குப்புறப் போடுவது நீங்கள் பக்கத்தில் இருந்து செய்யும் மசாஜுக்கு மட்டும்.

8. வீட்டுப் பெரியவர்களும் பழைய பழக்கங்களும்

நான் அதிகம் பாடுபட்ட இடம் இதுதான். ஆயாவுக்கும் அத்தைக்கும் குழந்தை மேல் இருக்கிற பாசத்தில் குறையே இல்லை. அவர்கள் வளர்த்தவை பெரும்பாலும் நிறைமாதக் குழந்தைகள், அதுதான் வித்தியாசம். "நாலு புள்ளைய எண்ணெ தேச்சு வளத்தவ நானு" என்று சொன்னால் எதிர்த்துப் பேசாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் எழுதிய வரியைக் காட்டுங்கள்.

கண்டிப்பாகத் தடுக்க வேண்டியவை:

மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் மூக்குச் சளியை உறிஞ்சுவது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் ஒருவகை நிமோனியா வரும்.

சாம்பிராணிப் புகை. மூச்சுக் கருவியில் இருந்த நுரையீரலுக்கு இது ஆகவே ஆகாது. கொசுவத்திச் சுருளும் அப்படித்தான்.

தலையை உருட்டி அமுக்கி உருவம் கொண்டுவருவது, மூக்கை நீவி எடுப்பாக்குவது, குழந்தையின் மார்க்காம்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது.

"உரம் விழுந்திருக்கு" என்று சேலையிலோ முறத்திலோ போட்டு உருட்டுவது, தலைகீழாகப் பிடித்துக் குலுக்குவது. குறைமாதக் குழந்தையின் மூளை நரம்புகள் இதைத் தாங்காது. பாலைக் கக்கினால் "தொக்கம்" எடுக்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம்.

வாயில் எதையும் வைப்பது: தேன், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு, உரை மருந்து, விளக்கெண்ணெய், கழுதைப்பால். வேப்பெண்ணெய் உள்ளே போய்க் கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்து உயிரே போயிருக்கிறது.

தினசரிக் குளியலும் வேண்டாம். எடை கூடி டாக்டர் சொல்லும் வரை வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போதும்.

இவ்வளவையும் "வேண்டாம்" என்றால் பெரியவர்கள் மனசு வாடிப்போகும். அவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள். கங்காரு அணைப்பைத் தாய் மட்டும்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. அப்பா செய்யலாம், குளித்துச் சுத்தமாக, இருமல் சளி இல்லாமல் இருந்தால் ஆயாவும் செய்யலாம். எங்கள் வீட்டில் மதிய நேரம் முழுக்க என் மாமியார் மார்பில்தான் அவன் கிடந்தான். அதற்குப் பிறகு எண்ணெய்க் குளியல் பேச்சே எழவில்லை.

9. எடையை எப்படிப் பார்ப்பது

பிறந்த முதல் வாரத்தில் எடை இறங்கும். குறைமாதக் குழந்தைக்குப் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரைகூட இறங்கலாம். இரண்டு வாரம் வாக்கில் பிறந்த எடையைத் திரும்பப் பிடிக்கும். அதற்குப் பிறகு இரண்டு கிலோ ஆகும் வரை, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் ஏற வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அதாவது 1,600 கிராம் குழந்தை நாளுக்கு 25, 30 கிராம் வாக்கில் ஏறினால் நல்ல வழியில் போகிறது. இரண்டு கிலோவைத் தாண்டிய பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம்.

வீட்டுக்கு எடை மெஷின் வாங்காதீர்கள். தினம் தினம் நிறுத்துப் பார்த்தால், ஒரு தடவை சிறுநீர் போனதற்குக்கூட எண் மாறும். தாய்க்குத் தூக்கம் போய்விடும். வாரம் ஒரு முறை போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ பாருங்கள், ஆனால் எப்போதும் ஒரே மெஷினில், துணியில்லாமல், பால் கொடுப்பதற்கு முன். ஓர் இடத்தில் ஸ்பிரிங் தராசு, இன்னோர் இடத்தில் டிஜிட்டல் என்று மாற்றி மாற்றி நிறுத்துவிட்டு "நூறு கிராம் குறைஞ்சுபோச்சு" என்று அழும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். குறித்து வைக்க ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, எடை, எந்த மெஷின், அந்த வாரம் எத்தனை வேளை பால், எத்தனை வேளை மசாஜ்.

ஒரு வாரம் சரியாகப் பால் குடித்தும் எடை ஏறவில்லை என்றால் மசாஜை நான்கு வேளையாக்கிப் பயனில்லை. பால் போதவில்லை, தொற்று இருக்கிறது, இரத்தம் குறைவாக இருக்கிறது, இதயத்தில் பிரச்சினை இருக்கிறது என்று காரணம் வேறாக இருக்கலாம். டாக்டரிடம் போங்கள். இரும்புச்சத்து, வைட்டமின் டி சொட்டு மருந்துகளையும் விடாமல் கொடுங்கள், "சளி பிடிக்கும்" என்று யார் சொன்னாலும்.

10. தவறவிடக் கூடாத தேதிகள்

கண் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2,000 கிராமுக்குக் கீழ் பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன் அல்லது 1,200 கிராமுக்குக் கீழ் என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. எடை ஏறட்டும், அப்புறம் போகலாம் என்று காத்திருப்பவர்கள் உண்டு, தயவுசெய்து காத்திருக்காதீர்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய் வெளியே தெரியாது, நாள் தவறினால் பார்வையே போய்விடக்கூடும். வேலூரில் ஆரணி சாலையில் சிஎம்சியின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் பிறந்திருந்தால் எங்கே, என்றைக்கு என்று வார்டிலேயே தேதியோடு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு முறை பார்த்ததோடு முடியாது, விழித்திரை முழுதாக வளரும் வரை திரும்பத் திரும்ப வரச் சொல்வார்கள்.

தடுப்பூசி, பிறந்த தேதிக் கணக்குப்படிதான். குறைமாதம் என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆனால் கழுத்து நிற்பது, குப்புற விழுவது போன்ற வளர்ச்சியைப் பார்க்கும்போது முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்துக் கணக்கிட வேண்டும்.

காது பரிசோதனையும் வளர்ச்சிப் பரிசோதனையும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் இலவசம். உங்கள் மாவட்டத்தில் அது எங்கே இருக்கிறது என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். ஃபிசியோதெரபிஸ்டும் அங்கே இருப்பார், மசாஜில் சந்தேகம் இருந்தால் அவர் முன் ஒரு தடவை செய்து காட்டலாம்.

குடியாத்தம், திருப்பத்தூர் பக்கமிருந்து வருபவர்கள் கூட்ட பஸ்ஸில் குழந்தையை மடியில் போட்டு வராதீர்கள். மார்போடு கட்டிக்கொண்டு, கூட்டம் குறைந்த வேளையில் கிளம்புங்கள். அரசு மருத்துவமனைக்கு என்றால் 102 தாய் சேய் நல ஊர்தியைக் கேட்டுப் பாருங்கள்.

11. மசாஜை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நேரம்

பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்ளே குழிவது, மூச்சு 20 விநாடிக்கு மேல் நின்று வருவது, பாதம் ஜில்லென்று இருந்து அணைத்தாலும் சூடேறாதது, 37.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், வெட்டி இழுப்பு, தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, பச்சையாக வாந்தி. இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சந்தேகம் மட்டும் என்றால் 104-இல் கேட்கலாம். போகும்போது குழந்தையை மார்போடு அணைத்தபடி, தொப்பியோடு கொண்டுபோங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, எடை நோட்டு, காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரே பையில் போட்டு வாசற்கதவுப் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள்.